அம்மாவின் அளவு ஜாக்கெட்

அன்புள்ள அம்மாவுக்கு, சிந்துவின் வணக்கம். நான் சௌக்கியம். அப்பாவுக்கு மூட்டுவலி தேவலையா?

தீபாவளிக்கு உனக்குத் தி.நகர்ல பச்சைப் பட்டு எடுத்தாச்சு. நீ அனுப்பின அளவு ஜாக்கெட்டை மந்தைவெளி டெய்லர் தங்கம் அக்காகிட்ட கொடுத்தேன். உள்பக்கம் திருப்பிப் பார்த்துட்டு, "இன்னாமா, ரெண்டு பக்கமும் இவ்ளோ புடிச்சு தச்சுகீது? அம்மா எளச்சிட்டாங்களா?"ன்னாங்க.

ஆஸ்பத்திரியில என் வேலையே இதுதானேம்மா. இரைப்பை, குடல் கட்டிக்கு வைத்தியம் பார்த்தவங்க வீட்டுக்கெல்லாம் போன் பண்ணி, யார் பிழைச்சிருக்காங்கன்னு விசாரிக்கிறேன். முன்னாடியே இளைச்சாங்களா, எவ்வளவு நாள் தள்ளிப்போட்டாங்கன்னு கேட்கிறேன். சீக்கிரம் வந்தவங்கதான் அதிகம் பிழைச்சிருக்காங்க. நீ "சோறு இறங்கலைடி"ன்னு சொன்னப்ப மட்டும், "சீரகத் தண்ணி குடி"ன்னு போனை வச்சிட்டேன். வெட்கமா இருக்கும்மா. யார் யாரையோ கேட்கிற எனக்கு உன்னைப் போன்ல கேட்க வாய் வரலை.

பயப்படாதே, வெறும் புண்ணாவும் இருக்கலாம். இதைக் கொண்டுவர்ற மகேஷ் அண்ணன் திரும்பறப்ப அவரோடயே கிளம்பி வா, எங்க ஆஸ்பத்திரியிலயே காட்டிடலாம். கொஞ்சம் பருப்புப்பொடி எடுத்துட்டு வா, தனியா உட்கார்ந்தா எதுவும் சாப்பிடப் பிடிக்கலை.

அண்ணன் வாசல்ல நிக்கிறார், முடிக்கிறேன். புது ஜாக்கெட்டை உன் பழைய அளவுக்கே தைக்கச் சொல்லியிருக்கேன்.

உன் சிந்து