திரையின் வலது ஓரம்

உம்முடைய மடிக்கணினியைச் சுற்றிக்கொண்டு வந்த போர்வையை உம் மனைவி ஜெசி மறந்து இங்கேயே விட்டுவிட்டுப் போய்விட்டாள். அதை மடித்து மேசையின் மூலையில் வைத்திருக்கிறேன். மாட்டுக் கொட்டிலில் நுளம்புக்கு மூட்டுகிற புகையின் மணம் இன்னும் அதிலிருந்து போகவில்லை. தோய்க்கப் போடட்டுமா என்று என் மனைவி கேட்டாள். கிடக்கட்டும் என்றேன். வேலைக்கு உட்காரும்போதெல்லாம் அந்த மணம் வருகிறது. நீர் பக்கத்துக் கதிரையில் இருந்து நான் தட்டுவதைப் பார்த்துக்கொண்டிருப்பது போல இருக்கிறது. உமக்கு முன்னால் இருக்க எனக்கு வெட்கமாக இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

கொழும்பில் ஒரே கொம்பனியில் வேலை செய்த காலத்தில் நாம் தொடங்கிய விளையாட்டு அது. கணினித் திரையில் திறக்கிற யன்னல்களை ஒன்றின்மேல் ஒன்று விழவிடாமல் பக்கம் பக்கமாக அடுக்கி வைக்கிற ஒரு சின்ன மென்பொருள். எலியைத் தொடத் தேவையில்லை, விசைகளே போதும். பழைய, மூச்சு வாங்குகிற கணினியிலும் ஓடும். ‘அடுக்கி’ என்று பெயர் வைத்தீர். பிறகு நீர் நெடுந்தீவுக்கு உம்முடைய மாடுகளிடம் போனீர், நான் சரவணைக்கு வந்தேன். அடுக்கியை இலவசமாகத்தான் கொடுத்தோம். முகம் தெரியாத எத்தனையோ நாட்டுக்காரர் அதைப் பாவித்தார்கள். நான் புதிது புதிதாக வசதிகளைச் சேர்ப்பேன், நீர் பின்னால் வந்து வழுக்களைத் திருத்துவீர். “ஐசே, நீர் அறை கட்டிக்கொண்டே போறீர், நான் ஒழுக்கு அடைச்சுக்கொண்டே வாறன்” என்று போனில் சிரிப்பீர். “திரையில ஒரு பொட்டு இடமும் சும்மா கிடக்கக் கூடாது” என்பதும் நீர்தான்.

அதனால்தான் வெறுமையாக ஓர் ஓரத்தைக் கண்டபோது அது பிழை என்பதில் எனக்குச் சந்தேகமே வரவில்லை. நீர் கண்மூடிச் சில மாதங்களின் பின் ஒரு பாவனையாளர் முறைப்பாடு எழுதியிருந்தார். அவருடைய பழைய கணினியில் திரையின் வலது ஓரம் விரலகலத்துக்கு வெறுமையாகக் கிடக்கிறதாம், யன்னல்கள் அதுவரை போகவில்லையாம். தேடிப் பார்த்தேன். நிரலில் நீர் எழுதிய வரி ஒன்று அகப்பட்டது. அந்த அளவுத் திரை என்றால் வலது ஓரத்தை விட்டுவிட்டு அடுக்கு என்று எழுதியிருந்தீர், படுக்கையில் கிடந்த கடைசி நாட்களில். ஏன் என்று ஒரு சொல் இல்லை. காரணம் எழுதாமல் ஒரு வரியும் வைக்காத மனிதர் நீர். பாவம், நோய் ஆளை அலைக்கழித்துவிட்டது என்று நினைத்தேன். வரியை அழித்தேன். அழித்ததோடு நிற்கவில்லை. எல்லோரும் பார்க்கிற இடத்தில், “இதை எழுதியவர் அப்போது கடும் சுகவீனமாக இருந்தார், கவனம் தவறிவிட்டது, திருத்தியாயிற்று” என்று எழுதினேன். நன்றி சொன்னார்கள். சிலர் ஆறுதலும் சொன்னார்கள். நண்பனின் பிழையைப் பெருந்தன்மையாக மூடிவிட்டேன் என்று எனக்குள் ஒரு திருப்தி வேறு. சீ, இப்போது நினைத்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருக்கிறது.

அதற்குச் சில மாதங்களின் பின் ஒரு நாள் ஜெசி காலைப் படகில் குறிகட்டுவானுக்கு வந்து, அங்கிருந்து பஸ் பிடித்து, மடிக்கணினியை நெஞ்சோடு அணைத்தபடி எங்கள் வாசலில் வந்து நின்றாள்.

“அண்ணை, இதுவும் சாகப்போகுது போல கிடக்கு. ஒருக்காப் பாருங்கோ.”

நீர் போன பிறகு அவள் அதில்தான் ஊர்ச் சனத்துக்கு விண்ணப்பங்களும் அரசாங்கக் கந்தோர்க் கடிதங்களும் தட்டிக் கொடுக்கிறாள் என்று எனக்குத் தெரியும். அதில் வருவதும் பாலுமாகத்தான் சீவியம். மூடியைத் திறந்து போட்டேன். திரையின் வலது ஓரம் மேலிருந்து கீழ்வரை கறுப்பாகச் செத்துக் கிடந்தது. ஒவ்வொரு வரியின் கடைசிச் சொல்லும் அந்தக் கறுப்புக்குள் போய் மறைந்தது.

“இந்தக் கறுப்பு எப்ப வந்தது ஜெசி?”

“கறுப்பு முந்தியே கிடந்ததுதானே. ஆனா எழுத்து அதுக்குக் கிட்டப் போகாது, இங்காலையே நிண்டிடும். இப்ப கொஞ்ச மாசமா உள்ளுக்கை போகுது. ஒரு மனிசியின்ரை பேரின்ரை கடைசி எழுத்துத் தெரியாமல் பிழையா அடிச்சுக் குடுத்திட்டன். கந்தோரில திருப்பி அனுப்பிப்போட்டாங்கள். அதோட சனம் வாறதும் குறைஞ்சிட்டுது.”

இவ்வளவு நாளும் ஏன் எனக்கு ஒரு சொல் சொல்லவில்லை என்று கேட்டேன்.

“இவர் சொன்னவர், ‘ஓரத்துக்கு வேண்டியதைச் செய்து விட்டிருக்கிறன், இனி எல்லாம் அவர் பாப்பார்’ எண்டு. நீங்கள் பாத்தும் இப்பிடி எண்டால் மிசின்தான் முடியுது எண்டு நினைச்சனான். அதுக்கு அலுப்புக் குடுக்கக் கூடாது எண்டு போடுறதையே குறைச்சிட்டன்.”

நான் பார்ப்பேனாம். பார்த்த லட்சணம் அது. புதிய பதிப்புகள் தாமாகவே அந்தக் கணினிக்குப் போய்ச் சேர்ந்து, அதில் மட்டும் செய்த மாற்றத்தை அழித்துவிடும் என்பதால், ஜெசிக்காக அந்த ஓரத்தைப் பொது நிரலிலேயே வைத்துவிட்டுப் போயிருக்கிறீர். மற்றவர்களுக்கு இடைஞ்சல் வரும் என்பது உமக்குத் தெரியாததா? அதைச் சீராக்க உமக்கு நாள் இல்லை. நான் இருக்கிறேன் என்று விட்டிருக்கிறீர்.

திரை எப்படி உடைந்தது என்று கேட்டபோது ஜெசி தேத்தண்ணிக் கோப்பையைத் தள்ளி வைத்தாள். “உங்களுக்குச் சொல்லக் கூடாது எண்டவர்” என்றாள். பிறகு சொன்னாள். சரவணையிலிருந்து திரும்பிய அன்று, நெடுந்தீவு இறங்குதுறையில் காற்றுக்குப் படகு அடித்து, யாரோ கொண்டுவந்த உரப்பை சரிந்து உம்முடைய பையின்மேல் விழுந்ததாம்.

அந்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. இரண்டாவது திரையைக் கணினியோடு பூட்டினால் யன்னல்கள் காணாமல் போகிற வழு ஒன்று உம்முடைய கணினியில் மட்டும் வந்துகொண்டிருந்தது. “போனில் கதைச்சு ஏலாது, மிசினைக் கொண்டு வாரும்” என்று நான்தான் பிடிவாதமாக நின்றேன். கடல் கொந்தளிப்பு, பிறகு பார்ப்போம் என்றீர். நான் விடவில்லை. வந்தீர். இதே மேசையில் பாணும் சம்பலும் தின்றபடி இருவரும் அந்த வழுவைப் பிடித்தோம். பின்னேரப் படகுக்கு நான்தான் உம்மை மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போய் விட்டேன். அதற்குப் பிறகு எத்தனை முறை கூப்பிட்டும் கணினியை நீர் கொண்டுவரவில்லை. “மிசின் இனிக் கடல் தாண்டாது ஐசே” என்பீர். வருகிறபோது சேட்டுப் பைக்குள் ஒரு பென் டிரைவ் மட்டும் இருக்கும். உப்புக் காற்றுக்குப் பயந்தவர் என்று ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தேன். உம்முடைய முகத்துக்கு நேரேயும் சொன்னேன். நீரும் சேர்ந்து சிரித்தீரே, அதுதான் என்னை இப்போது கொல்கிறது.

ஜெசியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கணினி சாகவில்லை, கெடுத்தது நான் என்றேன். உம்மைப் பற்றி நான் எழுதியதை வாசித்தும் காட்டினேன்.

“அப்ப பிழை விட்டது இவரில்லையோ?”

“இல்லை.”

“கடைசி மட்டும் புத்தி தெளிவாத்தான் இருந்தவர் அண்ணை. நோவோட கிடந்துகொண்டு இதைத்தான் தட்டினவர். அதையும் எல்லாரும் பாக்கிற இடத்தில எழுதிவிடுங்கோ.”

கோபமில்லாமல் சொன்னாள். நாலு பேச்சுப் பேசியிருந்தால் தாங்கியிருப்பேன்.

புதுத் திரை போடலாமென்று கேட்டேன். அந்த மொடலுக்கு இனிக் கிடைக்காது என்று யாழ்ப்பாணத்தில் கைவிரித்துவிட்டார்களாம். அவள் படகுக்குப் போகுமுன்னமே உம்முடைய வரியைத் திரும்ப வைத்துக் கொடுத்தேன். பிறகு ஆறுதலாக இருந்து அதை ஒரு வசதியாகவே எழுதினேன். எந்தப் பக்கம் எவ்வளவு விடவேண்டும் என்பதை இப்போது அவரவர் சொல்லிக்கொள்ளலாம். சொல்லாதவர்களுக்குத் திரை முழுவதும் நிறையும். நேரம் இருந்திருந்தால் நீரும் அப்படித்தான் செய்திருப்பீர். எல்லோரும் பார்க்கிற இடத்தில், “அது வழு அல்ல, எழுதியவர் தெளிவாகவே எழுதினார், விளங்காமல் அழித்தவன் நான்” என்று போட்டேன். தன் திரையின் இடது பக்கம் செத்துக் கிடக்கிறது, இனி வேலை செய்யலாம் என்று எங்கிருந்தோ ஒருவர் பதில் எழுதினார். நன்றியை எனக்குத்தான் சொல்லியிருந்தார். அது உமக்குரியது என்று எழுதி அனுப்பினேன்.

ஜெசியிடம் இப்போது மறுபடி சனம் வருகிறதாம். நான் இன்னும் அடுக்கியில் வேலை செய்கிறேன். வழுக்கள் வந்துகொண்டுதான் இருக்கின்றன. காரணம் தெரியாத உம்முடைய வரி எதிலாவது கை வைக்க வேண்டி வந்தால், முதலில் நெடுந்தீவுக்குப் போன் எடுத்து அந்த வரியை வாசித்துக் காட்டுகிறேன். நேற்றும் எடுத்தேன்.

“அண்ணை, எனக்கு இதுகள் ஒண்டும் விளங்காது எண்டு தெரியும்தானே” என்று ஜெசி சிரித்தாள்.

“எனக்கும் விளங்கேல்லை ஜெசி” என்றேன். “அதுதான் கேக்கிறன்.”