பழுதாக்கிக் கொடுத்த ஃபிரிட்ஜ்

அன்பு மகனுக்கு உன் சித்தப்பா எழுதிக்கொள்வது. இங்கே உன் சித்தியும் உன் தங்கை வாலுவும் நலம், நானும் நலம், என் இடது முழங்கால் மட்டும் நான் சொல்வதைக் கேட்பதில்லை, இந்த வீட்டில் வேறு யார்தான் கேட்கிறார்கள். உன்னைப் பெற்றவர் என் அண்ணன், வளர்த்த பழி என் மேல், ஆகவே நீ அங்கே வேளைக்குச் சாப்பிட்டு ஈரத்தலையோடு வெளியே அலையாமல் இருக்கிறாயா என்று கேட்கிற உரிமை எனக்கு உண்டு. போன ஞாயிறு நீ போனில் பேசியபோது உன் பின்னால் ஒரு கரகரப்புக் கேட்டது, ஒண்ணுமில்ல சித்தப்பா, ஃபிரிட்ஜ்தான் என்றாய். எனக்கா தெரியாது? கம்ப்ரஸருக்கு அடியில் நாலு ரப்பர் இருக்கும், அதில் பின்பக்கத்து வலது ரப்பர் தேய்ந்துவிட்டது. கடல் தாண்டி இருக்கிற ஃபிரிட்ஜின் நோயைக் காதாலேயே கண்டுபிடிக்க உலகத்தில் இரண்டே பேரால்தான் முடியும், இன்னொருவர் இறந்துவிட்டார். அந்த ரப்பரை மாற்று என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், அதற்குள் இங்கே ஒன்று நடந்துவிட்டது. போனில் சொன்னால் வாலு பிடுங்கித் தன் கதையாகச் சொல்லிவிடுவாள், அதனால் எழுதுகிறேன். உன் சித்தி பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு வரியாகப் படிக்கிறாள், ஆகவே இதில் பொய் மிகவும் குறைவு.

உன் தங்கை பரீட்சையில் தவறி நாலு மாதம் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு கிடந்தது உனக்குத் தெரியும். அப்போது காதில் மாட்டிக்கொண்டு ஒரே பாட்டைத் திரும்பத் திரும்பக் கேட்பாளே, அது சினிமாப் பாட்டு இல்லையாம், ஒரு பெண் தானே எழுதி, தானே மெட்டுப் போட்டு, தன் அறையின் சமையல் மூலையில் உட்கார்ந்து தானே பதிவு செய்ததாம். அந்த நாலு மாதமும் அவளிடம் பேசியது அந்தப் பாட்டு ஒன்றுதான். நான் போய்ப் பேசினால் கதவுக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு ம் வரும், அதோடு சரி. நான் ஏழாவதில் மூன்று வருடம் இருந்தவன், தோற்பதைப் பற்றி என் அளவுக்கு இந்தத் தெருவில் யாருக்கும் தெரியாது, அதைச் சொல்லித் தேற்றப் பார்த்தேன், அதிலேயே பிள்ளை இன்னும் பயந்துவிட்டாள். கதவு திறந்து ஒரு மாதம்தான் ஆகிறது. அந்தப் பாட்டுக்காரப் பெண் நம் ஊருக்கே வருகிறாள் என்றதும் போயே தீருவேன் என்றாள், தனியாக விடமாட்டேன் என்றாள் உன் சித்தி, வீட்டில் சும்மா இருக்கிற ஆள் நான் ஒருவன்தான். வாலு மூன்று நிபந்தனை போட்டாள். கடைசி வரிசையில உக்காரணும், வாயைத் திறக்கக் கூடாது, நான் இவளோட அப்பான்னு யார்கிட்டயும் சொல்லிக்கக் கூடாது. செத்தாலும் சொல்லமாட்டேன் என்று சத்தியம் செய்தேன். சுருக்கென்றுதான் இருந்தது, ஆனால் கூடக் கூட்டிக்கொண்டு போகிறாளே, அது போதாதா. இதை நான் சொதப்பினால் அந்தக் கதவு மறுபடி சாத்திக்கொள்ளும் என்று நன்றாகத் தெரிந்தேதான் போனேன்.

இடம் ஒரு சைக்கிள் கடையின் மாடி. நானூறு பேர் வந்திருந்தார்கள், இல்லை, உன் சித்தி தொடையில் கிள்ளுகிறாள், நாற்பது பேர். மடக்கு நாற்காலிகள், சுவரில் ஈரக்கறை, இருந்த ஒரு மின்விசிறியையும் பாட்டுக்கு இடைஞ்சல் என்று நிறுத்திவிட்டார்கள். மேடை என்பது இரண்டு பலகை. அதன்மேல் ஒரு ஸ்டூல், ஒரு கிதார், பக்கத்தில் இடுப்பு உயரத்துக்கு ஒரு பழைய ஒற்றைக் கதவு ஃபிரிட்ஜ், அதன் முதுகுக்குப் பின்னால் ஒரு மைக். குடிக்கத் தண்ணீர் வைத்திருக்கிறாள், மைக்கை யாரோ மறந்துபோய் அங்கே நிறுத்திவிட்டார்கள் என்று நினைத்தேன். பஸ்ஸில் வரும்போது வாலு அந்த ஃபிரிட்ஜைப் பற்றி விளக்கமாக ஏதோ சொன்னாள்தான், நான் அந்த நேரம் பஸ் ஏசியில் என்ன கோளாறு என்று பக்கத்து இருக்கைக்காரருக்குப் பாடம் எடுத்துக்கொண்டிருந்தேன். அந்தப் பெண்ணுக்குச் சின்னக் குரல், பக்கத்து வீட்டில் யாரோ வேலை செய்துகொண்டே தனக்குத்தானே பாடிக்கொள்வது போல. ஆனால் பாட்டுக்குப் பாட்டு அந்த ஃபிரிட்ஜ் கர்ரென்று உறுமியது, எனக்குப் பல் கூசியது. சுற்றிலும் பிள்ளைகள் கண்ணை மூடிக்கொண்டிருந்தார்கள், பாவம், பொறுத்துக்கொள்கிறார்கள் என்று நினைத்தேன். முப்பத்தொரு வருடம் ஃபிரிட்ஜுக்கு வைத்தியம் பார்த்தவன் எதிரே நோயாளி முனகினால் கையைக் கட்டிக்கொண்டா உட்கார்ந்திருப்பான்?

இடைவேளையில் எல்லாரும் டீ குடிக்கக் கீழே இறங்கினார்கள். வாலு தோழிகளோடு போகும்போது என்னை யாரோ போலப் பார்த்தாள், நானும் யாரோ போலவே தலையாட்டினேன். வாயைத் திறக்கக் கூடாது என்றுதான் சத்தியம், கையைப் பற்றிப் பேச்சே இல்லை. ஸ்க்ரூடிரைவர் என் சட்டைப்பையில் எப்போதும் இருக்கும், என் கல்யாணப் போட்டோவிலேயே அது தெரியும். பிளக்கைப் பிடுங்கி ஃபிரிட்ஜைத் திருப்பினேன். செம்புக் குழாய் பின்தகட்டில் உரசிக்கொண்டிருந்தது, விலக்கினேன். ஒரு ரப்பரைக் காணவே காணோம், என் பையிலிருந்த புதுசைப் போட்டு போல்ட்டை முறுக்கினேன். உள்ளே ஒரு எலுமிச்சம்பழம்கூட இல்லை, குளிரைக் கூட்டிக் குறைக்கிற தெர்மோஸ்டாட் மட்டும் ஏழில் நின்றது, கரண்ட் வீண் என்று இரண்டுக்குக் குறைத்து, பிளக்கைத் திரும்பச் சொருகினேன். ஃபிரிட்ஜ் பால் குடித்த குழந்தை மாதிரி அடங்கிவிட்டது. யாருக்கும் தெரியாமல் செய்த உபகாரம் என்று என்னை நானே மெச்சிக்கொண்டு கடைசி வரிசைக்குத் திரும்பினேன்.

இடைவேளைக்குப் பிறகு முதல் பாட்டே வாலுவின் பாட்டு. அந்தப் பெண் ஃபிரிட்ஜின் தலையைத் தடவிக்கொண்டே சொன்னாள், இதை எழுதினப்ப ஊரை விட்டு வந்து ஒத்தை ரூம்ல இருந்தேன், பேச ஆளில்ல, ராவும் பகலும் என்கூடப் பேசினது இது ஒண்ணுதான், இதோட சத்தத்துலதான் பாட்டு ஆரம்பிக்கும் என்று. எல்லாரும் கைதட்டினார்கள். நான் சட்டைப்பையில் இருந்த ஸ்க்ரூடிரைவரைக் கையால் மறைத்துக்கொண்டேன். அவள் மைக்கைத் திறந்துவிட்டுக் காத்திருந்தாள், ஒன்றும் வரவில்லை. தட்டினாள், குலுக்கினாள். இத்தனை வருஷத்துல ஒரு தடவைகூட இது என்னைக் கைவிட்டதில்லையே என்று அதன் கதவைத் திறந்து உள்ளே பார்த்தாள். முன்வரிசையில் ஒருவன் எட்டிப் பார்த்து, எவனோ நோண்டியிருக்கான், புது ரப்பர் தெரியுது பாருங்க என்று கத்தினான். நாற்பது தலையும் திரும்பித் தேடியது. அந்த நேரம் உன் வீரச் சித்தப்பா என்ன செய்தேன் தெரியுமா, சத்தியத்தைக் காப்பாற்றுகிற சாக்கில் நாற்காலிக்கு அடியில் குனிந்து செருப்பைத் தேடினேன். அப்போது மூன்றாவது வரிசையிலிருந்து வாலு எழுந்தாள். எங்கப்பாதான், பின்னாடி செருப்பு தேடுறாரே அவருதான், ஃபிரிட்ஜ் மெக்கானிக், அவரால சும்மா இருக்க முடியாது, மன்னிச்சுக்கோங்க, அவரே பழையபடி கெடுத்துக் குடுத்துடுவார் என்றாள். சிரிப்பில் மாடியே அதிர்ந்தது என்று உன் தங்கை சொல்கிறாள். எனக்குச் சிரிப்பெல்லாம் கேட்கவில்லை மகனே, எங்கப்பா என்றது மட்டும்தான் கேட்டது.

மேடை ஏறினேன். சரிசெய்வது எவனும் செய்வான், ஒரு பொருளை முன்பு எப்படிக் கெட்டிருந்ததோ அப்படியே கெடுப்பதுதான் கஷ்டம். பிளக்கைப் பிடுங்கி ரப்பரை உருவினேன், போல்ட்டைத் தளர்த்தினேன், தெர்மோஸ்டாட்டை ஏழுக்குத் திருப்பினேன். ஆனால் நிறுத்திய கம்ப்ரஸரை உடனே கிளப்பக் கூடாது, உள்ளே அழுத்தம் இறங்க மூன்று நிமிடமாவது ஆகவேண்டும். இந்த ஜென்மத்தில் எனக்குக் கிடைத்த ஒரே மேடை, எதிரே கூட்டம், பக்கத்தில் மைக், மூன்று முழு நிமிடம், வாயைத் திறக்க அனுமதி இல்லை! ஸ்க்ரூடிரைவரைப் பல்லில் கடித்துக்கொண்டு நின்றேன். பிறகு கிளம்பியது, ஆனால் பாட்டுக்காரப் பெண் உதட்டைப் பிதுக்கினாள், இது அந்தச் சத்தம் இல்லை. வாலு மேடை ஓரத்துக்கு வந்து கண்ணை மூடிக்கொண்டாள். இன்னும் கொஞ்சம் லூஸா விடுப்பா என்றாள், அரைச்சுற்று விட்டேன். அந்தக் குழாய் தகட்டை லேசாத் தொடணும், நடுவுல ஒரு கிர்ர் வரும் என்றாள், தொடவைத்தேன். அழுத்தாத, அழுத்தாத, ஆங், அதேதான், கையை எடுத்துடு என்றாள். எடுத்தேன். கதவுக்கு அந்தப் பக்கம் நாலு மாதம் அவள் கேட்டுக்கொண்டிருந்தது இதைத்தான், வெளியே நின்ற எனக்கு அது எட்டவே இல்லை. நான் நழுவப் பார்த்தேன், வாலு சட்டையைப் பிடித்து இழுத்துப் பலகை விளிம்பில் தன் பக்கத்திலேயே உட்காரவைத்தாள். அந்தப் பெண் பாடினாள். பாட்டைப் பற்றி எனக்கு என்ன தெரியும், கண்ணில் தூசு விழுந்துவிட்டது, ஃபிரிட்ஜுக்குப் பின்னால் தூசு அதிகம்.

வரும் வழியில் வாலு சொன்னாள், அண்ணனுக்கு எழுதினா செருப்பு தேடினதையும் சேர்த்து எழுது, உன் பெருமையை மட்டும் எழுதாத என்று. எழுதிவிட்டேன். இனி ஆரம்பித்த விஷயத்துக்கு வருகிறேன். உன் ஃபிரிட்ஜ் ரப்பரை மாற்றாதே. போனில் நீ பேச்சு வராமல் நின்றுவிடும்போதெல்லாம் அது ஓடிக்கொண்டிருக்கும், பையன் அங்கேதான் இருக்கிறான் என்று அதை வைத்துத்தான் நானும் உன் சித்தியும் தெரிந்துகொள்வோம். அதைத் தவிர உன்னோடு பேச அங்கே யார் இருக்கிறார்கள் என்று இத்தனை நாள் நான் கேட்டதே இல்லை, என் கதையைச் சொல்லவே நேரம் சரியாக இருந்தது. இது கைக்குக் கிடைத்ததும் வருகிற ஞாயிறு நீ பேசு, நான் கேட்கிறேன், ஸ்க்ரூடிரைவரைக் கடித்துக்கொள்கிறேன். கருகல் வாசனை வந்தால் மட்டும் பிளக்கைப் பிடுங்கிவிடு. நோய்நொடி இல்லாமல், மனசில் எதையும் பூட்டிவைக்காமல் நீ நன்றாக இருக்கவேண்டும், சித்தியின் ஆசியும் இதில் சேர்த்தி. ஈரத்தலையை மறக்காதே.

இப்படிக்கு,
வாலுவின் அப்பா என்று வெளியில் சொல்லிக்கொள்ள அனுமதி கிடைத்துவிட்ட
உன் சித்தப்பா