தலையில் நாலு வைத்த க

மாப்ள, இன்று காலை ஒரு கல்யாணப் பத்திரிகை வந்தது. உங்கள் ஆட்கள் வீட்டுக் கல்யாணம். தமிழ் எழுத்தில் உங்கள் வீட்டு மொழி, எழுத்துகளின் தோளில் சின்னச் சின்னதாக இரண்டு, மூன்று, நாலு. யாருக்குக் கல்யாணம் என்றுகூடப் பார்க்கவில்லை. அந்த எண்களையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

முதலில் இந்த எண்களைப் பற்றி நீ எனக்குச் சொன்னது தெப்பக்குளம் பக்கத்து பிரவுசிங் சென்டரில், ஒரே நாற்காலியில் பாதிப் பாதியாக உட்கார்ந்துகொண்டு. வலைப்பக்கம் கட்ட நெட்டில் கிடைத்த ஒரு இலவச கோட் லைப்ரரி மேல் எனக்குப் பைத்தியம் பிடித்திருந்த நேரம். பட்டன், எழுத்துப் பெட்டி எல்லாம் தயாராகத் தரும். நிறமும் அளவும் சொன்னால் போதும். அதை வைத்து உன் அம்மாவின் சமையல் குறிப்புகளை உங்கள் மொழியிலேயே வலைப்பக்கமாகப் போட ஆரம்பித்தோம். "தமிழ்ல க ஒண்ணுதான். எங்க வீட்டுப் பேச்சுக்கு நாலு க வேணும்டா, அதுக்குத்தான் நம்பர். நம்பர் விழுந்தா வார்த்தையே வேற" என்றாய்.

குறிப்புகள் வரும்வரை மாதிரிக்குப் போட்ட வரிகளை நான் நெருக்கி நெருக்கி அடுக்குவேன். எனக்கு அதுதான் அழகு. நீ கீபோர்டைப் பிடுங்கி வரி உயரத்தைக் கூட்டுவாய். "மேல கொஞ்சம் காத்து விடு மாப்ள. டவுன் பஸ்ஸா இது, இம்புட்டு நெருக்குற?"

அப்புறம் காய்ச்சல் என்று படுத்தாய். சரியானதும் வாரேன் என்று போனில் சொன்னாய். வரவில்லை.

காரியம் முடிந்ததும் உன் அம்மா கேட்டது ஒன்றுதான். "எனக்காக என்னமோ செஞ்சுக்கிட்டு இருந்தானாமே, அதக் காட்டுறியா தம்பி?" நாளைக்கே காட்டுகிறேன் என்று வாய் சொல்லிவிட்டது.

அன்றைக்கே சென்டருக்குப் போய் அதே நாற்காலியில் உட்கார்ந்தேன். முகப்பில் நீ உங்கள் மொழியில் அடித்திருந்தது ஒரே வரி, 'எங்கள் வீட்டு அடுப்படி' என்று. 'வீடு' என்பதற்கு உங்கள் வார்த்தையே நாலு வைத்த க-வில்தான் தொடங்கும். அந்த நாலு, எழுத்துக்குச் சமமாகப் பெரிதாக நின்றது. எண்ணைச் சின்னதாக்கி மேலே ஏற்றும் குறியீட்டைப் போட்டேன். குறியீடும் எழுத்தாகவே திரையில் வந்து நின்றது. குறியீட்டைப் புரிந்துகொள்ளும் வகைக்குப் பெட்டியை மாற்றினேன். நாலு சின்னதாகி மேலே ஏறியது, ஆனால் தலை வெட்டுப்பட்டுவிட்டது. ஃபான்ட்டை மாற்றினேன், எழுத்தைக் குறைத்தேன், எல்லாவற்றையும் அழித்துத் திரும்ப அடித்தேன். வெட்டு போகவில்லை. அம்மா முன்னால் உங்கள் வீடு வேறு ஏதோ வார்த்தையாக நிற்கப் போகிறது. உன் நம்பரையே அடித்தேன் மாப்ள, உன்னிடமே கேட்கலாம் என்று. ரிங் போவதற்குள் வைத்துவிட்டேன்.

அதற்கப்புறம்தான் நீ விடச் சொன்ன காற்று ஞாபகம் வந்தது. வரி உயரம் நான் திரும்ப நெருக்கி வைத்தபடியே கிடந்தது. கூட்டினேன். நாலு முழுசாக எழுந்து நின்றது. அம்புட்டுதான். நாற்காலியில் உன் பாதி காலியாக இருந்தது.

மறுநாள் சென்டருக்கு வந்த அம்மா திரையில் அந்த வரியின் மேல் விரல் வைத்து வாய்விட்டுப் படித்தார். அந்த க மூச்சோடு கலந்து வந்தது, நீ சொல்வதைப் போலவே. பிறகு பக்கத்தின் கீழே கீழே தேடினார். "மிச்சம் எங்க தம்பி?"

கீழே நீ எழுத வேண்டியிருந்த வெற்றுப் பெட்டிகள்தான் வரிசையாக இருந்தன.

இப்போது வேலையில் எந்த வலைப்பக்கம் செய்தாலும் எழுத்துக்கு மேலே இடம் விடுகிறேன். மேலேதான் ஒன்றும் இல்லையே, எதற்கு இந்த இடைவெளி என்று கூட வேலை பார்க்கிறவர்கள் கேட்கிறார்கள். இல்லைதான். ஆனாலும் குறைக்கக் கை வரமாட்டேன் என்கிறது மாப்ள.