தாத்தா இல்லை, பங்காளி

இன்று காலை நம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் அந்தப் படம் மறுபடியும் வந்து விழுந்தது. கூன் போட்ட குரங்கு ஒன்று கொஞ்சம் கொஞ்சமாக நிமிர்ந்து, கடைசியில் மனிதனாகி நடந்துபோகும் படம். கீழே வழக்கமான கேள்வி: ‘குரங்கிலிருந்து மனிதன் வந்தான் என்றால் இன்னும் குரங்கு ஏன் இருக்கிறது?’ அதற்கும் கீழே ஏழெட்டுச் சிரிப்பு முகங்கள். முன்பெல்லாம் இதை அனுப்புகிறவன் நான்தான். உன்னைச் சீண்டவென்றே அனுப்புவேன். பத்து நிமிடத்துக்குள் நீ வரிந்துகட்டிக்கொண்டு வந்துவிடுவாய். இன்று அரை மணி நேரம் போனைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். உன் எண் இன்னும் குழுவில்தான் இருக்கிறது. அதை நீக்க யாருக்கும் மனம் வரவில்லை.

என் அப்பாவும் உன் அப்பாவும் அண்ணன் தம்பி. டுரியான் துங்கால் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் ஒரே தொழிலாளர் லயத்தில் அடுத்தடுத்த வீட்டில் பிறந்தோம். நான் உனக்கு நான்கு மாதம் மூத்தவன். அந்த நான்கு மாதத்தை வைத்துக்கொண்டு ஆயுள் முழுக்க உன்னை அதிகாரம் செய்தேன். நான் இன்சூரன்ஸ் ஆபீசுக்குப் போனேன், பிறகு கோயில் கமிட்டிச் செயலாளரும் ஆனேன். நீ மிருகக்காட்சி சாலையில் ஓராங் ஊத்தான்களைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்குப் போனாய். உன்னைப் பற்றி யாராவது விசாரித்தால் ‘நல்ல வேலைதான்’ என்று மழுப்பிவிட்டுப் பேச்சை மாற்றுவேன். எனக்கு உன் வேலை வெட்கமாக இருந்தது. இப்போது அந்த வெட்கத்தை நினைத்துத்தான் வெட்கமாக இருக்கிறது.

உம்பாய் கடற்கரைக் கடைக்கு மீன் சாப்பிடப் போன ஒரு சாயங்காலம், “உன் கொரங்குத் தாத்தாங்கல்லாம் சொகமா?” என்று கிண்டல் செய்தேன். நீ கோபப்படவில்லை. கிளாஸிலிருந்த தண்ணீரைத் தொட்டு மேசையில் ஒரு புள்ளி வைத்தாய்.

“இது நம்ம தாத்தா. இந்தக் கோடு ஒங்கப்பா, இது எங்கப்பா. இது நீ, இது நான். இப்ப சொல்லு, நான் ஒங்கிட்டேருந்தா பொறந்தேன்?”

“இல்ல.”

“நீ இருக்கறப்ப நான் ஏன் இன்னும் இருக்கேன்னு யாராச்சும் கேப்பாங்களா? அதே கதைதான் லா. அவங்க நமக்குத் தாத்தா இல்ல, பங்காளி. மேல ஒரு தாத்தா இருந்தாரு, அவரு எப்பவோ போயிட்டாரு. இதுல கொரங்குன்னு வேற சொல்ற. வால் எங்கடா இருக்கு அதுக்கு?”

“சரி, ஒரு நாள் அதுவும் மனுசனா மாறிடுமா?”

“நீ ஒரு நாள் நானா மாறுவியா? மெலாத்தி மெலாத்தியாவே முழுசா இருக்கா. அவ எதுக்கு நீயாவணும்?”

மெலாத்தி நீ குட்டியிலிருந்து வளர்த்த பெண் ஓராங் ஊத்தான். அவள் பேரைச் சொல்லும்போது உன் குரல் இளகும். நான் வாய்விட்டுச் சிரித்தேன். மேசைத் தண்ணீரைக் கடைக்காரர் துடைத்துவிட்டுப் போனார்.

என் மகள் கல்யாணத்துக்கு முகூர்த்தக்கால் ஊன்றிய காலை. பங்காளிகள் கை வைக்க வேண்டும். உன்னைத்தான் எதிர்பார்த்துக்கொண்டிருந்தேன். சவரம் செய்யாத முகத்தோடு தனியாக வந்து கேட்டுக்கு வெளியிலேயே நின்றாய்.

“உள்ள வரல. தீட்டு.”

“யாரு செத்தா?”

“மெலாத்தி.”

யாரோ “அட, அவரு பங்காளி, அந்த ஓராங் ஊத்தான் லா!” என்றார்கள். பந்தல் முழுக்கச் சிரிப்பு. தெங்கேராவிலிருந்து வந்திருந்த சம்பந்தி விளையாட்டாகத்தான் கேட்டார்: “பங்காளித் தீட்டுன்னா பொண்ணு வீட்டுக்கே தீட்டாச்சே? கல்யாணத்த தள்ளி வெச்சிரலாமா?”

“எனக்கு மட்டும்தாங்க. வளத்தவன் நான்தான? நீங்க நடத்துங்க” என்றாய், அவரைப் பார்த்துக் கும்பிட்டபடி.

எனக்கு மானம் போன ஆத்திரம். “அதுங்கதான் பங்காளின்னா அங்கயே போய்க்க. இனிமே ஒனக்கும் எனக்கும் பங்காளி மொறையே கெடையாது” என்று எல்லோர் முன்னாலும் கத்தினேன். என் மகளுக்குக் கொண்டுவந்த பரிசுப் பையைக் கேட்டுக் கம்பியில் மாட்டிவிட்டுப் போய்விட்டாய்.

தீட்டோடு வந்தவர்களைக் கோயில் வாசலில் நிறுத்தித் திருப்பி அனுப்புகிறவன் நான். உனக்கு அதிலெல்லாம் பெரிய நம்பிக்கை கிடையாது. ஆனால் ஒரு சாவுக்கு மரியாதை செய்ய வேண்டும் என்று வந்தபோது, எனக்குப் புரியக்கூடிய முறையில் செய்தாய். அது என் மண்டையில் ஏற நான்கு வருடம் ஆனது. அந்த நான்கு வருடமும் நீ முதலில் பேசட்டும் என்று காத்திருந்தேன். மூத்தவன் அல்லவா!

பிறகு ஒரு மதியம் உனக்கு மார்வலி என்று போன் வந்தது. நான் கிளம்புவதற்குள் அடுத்த போன் வந்துவிட்டது.

உன் வீட்டில் பூசாரி, “பங்காளிங்கல்லாம் முன்னுக்கு வாங்க, வாய்க்கரிசி போடணும்” என்றார். நான் கடைசி வரிசையிலேயே நின்றுகொண்டேன். முறை கிடையாது என்று சொன்ன வாய் என்னுடையது. உன் மகன்தான் வந்து என் கையைப் பிடித்தான். “பெரியப்பா, ஏன் இங்கயே நிக்கிறீங்க? நீங்கதான மொத ஆளு. வேல ஜாஸ்தி, அதான் பெரியப்பாவால வர முடியலன்னு அப்பா சொல்லிக்கிட்டே இருப்பாரு.”

நான் சொன்னதை நீ வீட்டில் சொல்லவே இல்லை. நான்கு வருடமும் எனக்காகப் பொய் சொல்லியிருக்கிறாய். அரிசியை உன் வாயில் போட்டபோது என்னால் உன் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அந்தப் படத்தில் கடைசியாக நிமிர்ந்து நிற்கிற ஆள் நான்தான் என்று இத்தனை காலம் நினைத்துக்கொண்டிருந்தேன். அப்படி ஒரு வரிசையே இல்லை என்று நீ எத்தனை முறை சொன்னாய். உறவு நான் வைத்தால் இருக்கும், வெட்டினால் போகும் என்றும் நினைத்தேன். அதுவும் தப்பு.

இன்று குழுவில் நான்தான் பதில் எழுதினேன்: ‘தாத்தா இல்லை, பங்காளி. கேலி செய்யாதீர்கள்.’ சிரிப்பு முகங்கள் நின்றுவிட்டன. அதற்குமேல் வீட்டில் உட்கார முடியாமல் காரை எடுத்துக்கொண்டு நீ வேலை செய்த இடத்துக்குப் போனேன். நீ இருந்தவரை ஒரு நாளும் அங்கே வந்ததில்லை.

மெலாத்தியின் மகள் என்று பலகையில் எழுதியிருந்தவள் கண்ணாடிக்கு அப்பால் ஒரு கட்டையில் படுத்திருந்தாள். நான் நடந்து வருவதைப் பார்த்ததும் எழுந்து வேகமாக வந்தாள். உனக்கும் எனக்கும் ஒரே நடை, ஒரே நெற்றி என்று எல்லோரும் சொல்வார்களே. கண்ணாடியில் நெற்றியை வைத்து என் முகத்தையே வெகுநேரம் பார்த்தாள். பிறகு மெல்லத் தலையைச் சாய்த்து, என் தோளுக்குப் பின்னால் யாராவது வருகிறார்களா என்று பார்த்தாள்.

நானும் திரும்பிப் பார்த்துவிட்டேன்டா.