மலையின் வயிற்றில் தண்ணீர்

பெப்ரவரி 9, திங்கள்

சேர் சரி என்றுவிட்டார்!

வத்தேகம தாண்டி ஒரு வளைவில், புயல் மழையின்போது மலைச்சரிவு தண்டவாளத்தையும் இழுத்துக்கொண்டு கீழே வழுகியது. அன்றிலிருந்து மாத்தளைக்கு ரயில் இல்லை. மண்ணை அள்ளித் தண்டவாளத்தைத் திரும்பப் போட்டாயிற்று. ஆனால் சரிவு இன்னும் நகர்கிறது. மெதுவாக, நகம் வளர்வதுபோல. என் மேலதிகாரி ஜனார்த்தனன் சேரின் திட்டம், அடிவாரத்தில் பெரிய கொங்கிறீட் மதில். அதற்கு அத்திவாரம் வெட்டினால் கீழே தோட்ட லயத்திலிருக்கும் ஆறு குடும்பங்களும் வீட்டை விட்டு எழும்ப வேண்டும்.

மதில் வேண்டாம் என்று நான் வாதாடிக்கொண்டே இருந்தேன். சரிவைத் தள்ளுவது மண் இல்லை, மண்ணுக்குள் நிற்கும் தண்ணீர். பக்கவாட்டில் நீளமாகத் துளையிட்டு, சிறு ஓட்டைகள் போட்ட குழாயைச் செருகினால் தண்ணீர் தானாகவே வடிந்துவிடும். தண்ணீர் போனால் மண் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும்.

“நப்லா, நீர் சொல்லுறது எனக்கு விளங்குது. மலைக்கும் விளங்க வேணுமே,” என்றார் சேர். கொஞ்சம் யோசித்துவிட்டு, “மூண்டு துளை போட்டுப் பாரும். தண்ணி வராட்டி மதில்தான். சரியோ?”

மூன்று! ஒன்றாவது கிடைக்காதா என்றல்லவா போனேன்.

பெப்ரவரி 11, புதன்

சாப்பிடும்போது உம்மா கேட்டா: “ரயில் போறதுக்கு இவ்வளவு யோசிக்க என்ன மகள் ஈக்கிது? பாதை ஈக்கிது, போகுது.”

விடுவேனா? சோற்றுப் பீங்கானைச் சாய்த்து, ஒரு ரூபாய்க் குற்றியை அதில் வைத்துக் காட்டினேன். இரும்புச் சக்கரம் இரும்புத் தண்டவாளத்தைத் தொடுகிற இடம் இந்தக் குற்றி அளவுதான். அந்தப் பிடியிலேயே முழு ரயிலும் மலை ஏற வேண்டும். ஊட்டியில் நடுவே பல் வைத்த தண்டவாளம் போட்டு, பற்சக்கரத்தால் கடித்துக் கடித்து ஏறுகிறார்கள். நம்மிடம் பல் இல்லை. வெள்ளைக்காரர்கள் கீழே சமவெளியில் போட்ட ஐந்தரை அடி அகலப் பாதையை அப்படியே மலைக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். கடுகண்ணாவ ஏற்றத்தில் நாற்பத்துநாலு அடி போனால் ஒரு அடி உயரும். அதற்கு மேல் சாய்த்தால் சக்கரம் சுழலும், ரயில் நகராது. அதனால்தான் நேரே ஏறாமல் மலையைச் சுற்றிச் சுற்றி, ஒரு பக்கம் வெட்டி மறுபக்கம் நிரப்பிப் போகிறது. அப்படி வெட்டி நிரப்பினவர்கள் காய்ச்சலிலும் கொலராவிலும் கொத்துக் கொத்தாகச் செத்தார்கள். வெட்டின இடத்திலெல்லாம் மலையின் ஒரு நரம்பு அறுந்து தண்ணீர் கசியும். மலை ரயிலுக்கு எதிரி ஏற்றமில்லை, தண்ணீர்.

வாப்பா பத்திரிகையிலிருந்து தலையைத் தூக்கி, “அப்ப மலைய ஓட்ட போட்டா அது உழாதா?” என்றார்.

மூன்று வருடம் படித்த பாடத்தை ஒரு வரியில் கேட்டுவிட்டார். விழாது வாப்பா. விழாமல் இருக்கத்தான் ஓட்டை.

பெப்ரவரி 24, செவ்வாய்

முதல் துளை. நோன்பு பிடித்துக்கொண்டு வெயிலில் நாள் முழுக்க நின்றேன். துளைக்கும் இயந்திரத்தை இயக்குகிறவர் செல்லச்சாமி அண்ணன், ஹந்தானைக்காரர். தொடக்கத்தில் சிவப்பு மண் வந்தது. பிறகு சாம்பல் நிறக் கல்தூள். கடைசிவரை கல்தூள்தான். கம்பியை வெளியே இழுத்தோம். காய்ந்துபோய் வந்தது.

ஒன்றுதானே. இன்னும் இரண்டு இருக்கிறது.

பெப்ரவரி 26, வியாழன்

இரண்டாவதும் காய்ந்து கிடக்கிறது.

சேர் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். “புதன்கிழமை பின்னேரம் இயந்திரத்தை ஏத்த லொறி வருது,” என்று மட்டும் சொன்னார். லயத்திலிருந்து ஒரு பெண் வந்து, “நாங்க சாமான் கட்டணுமா மிஸ்?” என்று கேட்டா.

என்னத்தத்தான் செஞ்சீக்கிறேன் நான்? பெரிய ஆள் மாதிரிப் பேசினேனே. தண்ணி இல்லாட்டி மண் ஏன் நகருது? இல்ல, ஈக்கிது. எங்கயோ ஈக்கிது.

பெப்ரவரி 27, வெள்ளி

கண்டுபிடித்துவிட்டேன். கண்டுபிடித்தேனா? நினைக்கிறேன்.

எல்லாரும் போன பிறகு ரயில் பாதைக்குக் கீழே நின்று சரிவைச் சும்மா பார்த்துக்கொண்டிருந்தேன். வெயிலுக்குப் புல்லெல்லாம் கருகிக் கிடக்கிறது. ஆனால் நாங்கள் துளைத்த இடத்துக்கு மேலே, கோடு கிழித்ததுபோல ஒரு வரிசைக்குச் சேம்பு. கொழுகொழுவென்று, பச்சையாக. அடியில் ஈரமில்லாமல் சேம்பு நிற்குமா? இத்தனை நாளாக அதன் பக்கத்தில்தான் நடந்து திரிந்திருக்கிறேன்!

கல்தூள்! இரண்டு துளையிலும் கல்தூள்! நான் துளைத்தது பாறைக்குள். தண்ணீர் பாறைக்கு மேலே அல்லவா நிற்கும், சோசருக்குள் சிந்தின தேத்தண்ணிபோல. நான் சோசரின் அடியைக் குடைந்துகொண்டிருந்திருக்கிறேன். மேலே போக வேண்டும். ஓர் ஆள் உயரம் மேலே.

உடனே சேருக்கு அழைத்தேன். “இலையைப் பாத்தோ துளை போடப் போறீர்?” என்றார். கல்தூளைப் பற்றிச் சொன்னேன். பிறகு: “ஓம். அதில நியாயம் இருக்கு. போடும். நானும் வாறன்.”

மார்ச் 4, புதன்

தண்ணீர்! தண்ணீர்! தண்ணீர்!

ஒழுங்காக எழுதுகிறேன். காலையிலேயே பழைய துளைகளுக்கு மேலே, சேம்பு வரிசைக்குச் சற்றுக் கீழே தொடங்கினோம். சிவப்பு மண். மத்தியானம் தாண்டியும் சிவப்பு மண். லொறி ஒன்றரை மணித்தியாலம் முன்னதாகவே வந்து ரோட்டில் நின்று ஹோர்ன் அடிக்கிறது. சேர் கையைக் கட்டிக்கொண்டு துளைக்கு நேரே நிற்கிறார். தூள் வருவது நின்று சேறாக வரத் தொடங்கியது. செல்லச்சாமி அண்ணன் கம்பியை இழுக்க ஆரம்பித்தவர் திடீரென்று கத்தினார்: “தள்ளுங்க சேர்! தள்ளுங்க! வருது, வருது!”

விலக நேரமில்லை. மலை துப்பியது. சிவப்புச் சேற்றுத் தண்ணீர், என் தொடைத் தடிப்புக்கு, நேரே சேரின் வெள்ளைச் சேட்டில். எனக்கு முகமெல்லாம். நோன்பு முறிந்துவிடக் கூடாதே என்று வாயை இறுக மூடிக்கொண்டேன். வாயை மூடிக்கொண்டு எப்படிக் கத்துவது? குதித்தேன். முப்பத்தொரு வயதில், பாதுகாப்புத் தொப்பியோடு, லயத்துச் சனம் முழுக்கப் பார்க்கக் குதித்தேன்.

சேர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைக்கப் பார்த்தார். துடைக்கக் காய்ந்த துணி ஒன்றும் அவரிடம் இல்லை. “நப்லா, மலைக்கு விளங்கீட்டுது,” என்றார்.

லொறியை வெறுமையாகத் திருப்பி அனுப்பினார். மதிலின் வரைபடத்தைச் சுருட்டி வாகனத்தின் பின் சீற்றில் எறிந்துவிட்டு, “இன்னும் எத்தினை துளை வேணும், சொல்லும்,” என்றார்.

மார்ச் 5, வியாழன்

இன்றும் ஓடுகிறது. தண்ணீர் தெளிந்துவிட்டது. லயத்துப் பெண்கள் குடத்தோடு வந்துவிட்டார்கள்!

ஏப்ரல் 17, வெள்ளி

பின்னேரம் இடியோடு கொட்டித் தீர்த்தது. புயலுக்குப் பிறகு இப்படி ஒரு மழை இல்லை. உம்மா வேண்டாம் வேண்டாம் என்று சொல்லச் சொல்ல வேலைத்தளத்துக்கு ஓடினேன். சேர் எனக்கு முன்பே வந்து குடை பிடித்துக்கொண்டு நிற்கிறார். அவருக்கும் பயம்தான்.

போட்ட குழாய்கள் எல்லாவற்றிலும் தண்ணீர் பீய்ச்சுகிறது. நகர்வை அளக்கச் சரிவில் நட்டிருக்கும் அளவுகோலைப் பார்த்தோம். திரும்பவும் பார்த்தோம். சரிவு நகரவில்லை. மயிரிழைகூட நகரவில்லை.

“வீட்டை போம், தடிமன் பிடிக்கப் போகுது,” என்று சேர் அதட்டினார். அவர் மட்டும் போகவில்லை. நானும் போகவில்லை.

மே 12, செவ்வாய்

பெட்டி ஒன்றும் பூட்டாமல் எஞ்சினை மட்டும் விட்டுப் பார்த்தார்கள். ஆள் நடக்கிற வேகத்தில் வந்தது. அத்தனை தொன் பாரம் வளைவில் ஏறும்போது நான் குனிந்து உள்ளங்கையை நிலத்தில் வைத்தேன். அதிர்ந்தது. தாங்கியது. சாரதி என்னைப் பார்த்து நீளமாக ஊதிவிட்டுப் போனார். அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது.

அடுத்த வாரம் பயணிகள் ரயில். ஆனால் இந்த வளைவில் ஊர்ந்துதான் போக வேண்டுமாம். மஞ்சள் பலகையில் எழுதி நட்டிருக்கிறார்கள். சந்தேகம் தீர்ந்தால் எடுப்பார்களாம்.

ஓகஸ்ட் 9, ஞாயிறு

மாத்தளையில் பெரியம்மா வீட்டுக்கு உம்மாவோடு ரயிலில் போனேன். மகளின் வேலையைப் பார்க்க வேண்டுமென்று உம்மா யன்னல் பக்கம் பிடித்து, வத்தேகமவிலேயே போனைத் தயாராகக் கையில் வைத்துக்கொண்டா. அந்த இடத்தில் ரயில் மெதுவாகும், அப்போது காட்டுகிறேன் என்று நான் சொல்லியிருந்தேன்.

ரயில் மெதுவாகவில்லை. எட்டிப் பார்த்தேன். பலகை நின்ற இடத்தில் குழிதான் இருந்தது. குழாய்கள், சேம்பு, லயத்துக் கொடியில் காய்ந்த உடுப்பு என்று எல்லாம் ஒரே மூச்சில் பின்னால் ஓடின. முன் சீற்றில் ஒருவர் வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தார்.

“எங்க மகள், எங்க?”

“தாண்டிட்டோம் உம்மா.”

மாத்தளையில் இறங்கும் மட்டும் எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை.