வாளி நெறஞ்சு போச்சு

ஐப்பசி 14, ஞாயிறு

இன்று குத்தாலத்தில் கல்யாணம். அண்ணனோடு ஒரு வார்த்தை பேசாமல் சாப்பிட்டுவிட்டுக் கிளம்புவதென்றுதான் போனேன். அம்மாவைப் புனேவுக்கு அழைத்துப்போய், அவள் இறந்ததும் அங்கேயே எரித்துவிட்டு, மறுநாள் எனக்குச் சொன்னவர். அதை மன்னிப்பதாக இல்லை.

பந்தியில் அவர் மகள் சோறு பரிமாறினாள். புனேவில் வளர்ந்த பெண். தமிழ் தட்டுத்தடுமாறித்தான் வரும். என் இலைக்கு வந்தபோது வாளி காலி. "இருங்க சித்தப்பா, வாளி நெறஞ்சு போச்சு, கொண்டாறேன்" என்றாள்.

அது அம்மாவின் பேச்சு. அரிசி தீர்ந்தால் அம்மா ஒருநாளும் 'இல்லை' என்று சொன்னதில்லை. காலிப் பானையைக் கவிழ்த்துக்கொண்டே 'நெறஞ்சு போச்சு' என்பாள். அதே இழுப்பு. அத்தனை தூரத்தில் அம்மா இதை இவளிடம் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறாள்.

பக்கத்து இலைக்காரர் சிரித்தார். "காலி வாளியக் காட்டி நெறஞ்சு போச்சுங்குதே, பாப்பாவுக்குத் தமிழ் தகராறு போலருக்கு!"

"எங்க வீட்ல அப்படித்தாங்க சொல்லுவோம்" என்றேன்.

நிமிர்ந்தால் எதிரே அண்ணன், சோற்று வாளியோடு. நான் 'எங்க வீடு' என்றது அவர் காதில் விழுந்திருக்கும். குனிந்து என் இலையில் பரிமாறினார். போதும் என்று கை காட்ட எனக்கு மனம் வரவில்லை.