அக்காவின் நாற்காலி ஆசை

மார்ச் 3, செவ்வாய்

நான் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரி மருந்தகத்தில் கூட்டம் குறைந்த நேரம் பார்த்து அக்கா வந்து என்னை மாடிக்கு இழுத்துப் போனாள். அறுவைப் பிரிவின் தலைவர் ஜூனில் ஓய்வு பெறுகிறார். அடுத்தது, அதே பிரிவில் சர்ஜனாக இருக்கும் அக்காதான் என்று ஆஸ்பத்திரி முழுக்கப் பேச்சு. அவர் அறையில் இல்லை. அந்த நாற்காலியில் உட்கார்ந்து ஒரு சுற்று சுற்றினாள்.

"எப்படி இருக்கேன்?"

"கால் தரையில படல."

மற்ற டாக்டர்கள் 'பதவியெல்லாம் எதுக்கு, சேவைதான்' என்பார்கள், வாயில் எச்சில் ஊற. இவளுக்கு அந்த வேஷம் தெரியாது. "அப்பா ஹோட்டல் வாசல்ல கதவு திறந்துவிட்டே காலத்தை ஓட்டினார்டி. யார் வந்தாலும் எழுந்து நின்னார். எனக்குக் கொஞ்சம் பேர் நிக்கட்டுமே" என்றாள்.

மார்ச் 11, புதன்

பெயர்ப்பலகைக்கு இப்போதே எழுத்து தேர்ந்தெடுத்தாயிற்று. பித்தளையாம். ஆசை வெட்கம் அறியாது.

ஏப்ரல் 8, புதன்

எப்படி எழுதுவது. அக்காவின் வலது கை நடுங்குகிறது. நரம்பு நோய். யாருக்கும் தெரியாமல் வெளியூர் டாக்டரிடம் காட்டியிருக்கிறாள். மெதுவாகத்தான் கூடுமாம், மாத்திரை போட்டால் கொஞ்ச காலம் அடங்கி இருக்குமாம். ஆபரேஷன் தியேட்டரில் இதுவரை ஒருவரும் கவனிக்கவில்லை. நாளைக்கு இருந்த ஆபரேஷன்களை வேறொருவருக்கு மாற்றிவிட்டாள்.

நான்தான் சொன்னேன், "ஜூன் வரைக்கும் வாயைத் திறக்காதே. லீவு போடு. தலைவரானப்புறம் கத்தியை மத்தவங்க பிடிக்கட்டும். யாருக்குத் தெரியப்போகுது?"

அக்கா சொன்னாள், "கையை மறைச்சுத்தான் அந்த நாற்காலியில உக்காரணும்னா, தினமும் மறைக்கணும்டி. அவசரம்னு ஒரு நாள் தியேட்டருக்குக் கூப்பிட்டா? மயக்கத்துல படுத்திருக்கிறவங்களுக்கு என் கை தெரியாது. எனக்குத் தெரியுமே."

ஏன் இவளுக்குப் போய்?

ஏப்ரல் 9, வியாழன்

தலைவரிடம் சொல்லிவிட்டாள். அவர் நல்ல மனிதர். இவள் மேல் மரியாதை. "இது என் காதுல விழலன்னு வெச்சுக்கறேன். ஓய்வெடுத்துட்டு வாங்க, பதவி எங்கயும் போகாது" என்றாராம்.

இவள், "காதுல விழலன்னா சத்தமா சொல்றேன் சார்" என்றிருக்கிறாள்.

வீட்டுக்கு வந்து அழுதாள். நோய்க்காக அல்ல, நாற்காலிக்காக. அதையும் அவளே சொன்னாள். அத்தான் பக்கத்தில் உட்கார்ந்து முதுகைத் தடவிக்கொண்டே இருந்தார்.

பதவியே வேண்டாம் என்றிருப்பவர்கள்தான் உயர்ந்தவர்கள் என்று நினைத்திருந்தேன். பசிக்காதவன் பட்டினி கிடப்பதில் என்ன பெருமை? இவள் பசியோடு இலையை விட்டு எழுந்தாள்.

ஜூன் 1, திங்கள்

தலைவர் பதவி அவளுக்கு அடுத்த நிலையில் இருந்தவருக்குப் போயிற்று. பதவியேற்பு விழாவில் அக்கா முன்வரிசையில் உட்கார்ந்து கைதட்டினாள். காரில் ஏறியதும், "வயிறு எரியுது, ஏசியைக் கூட்டு" என்றாள். இரண்டு பேரும் கண்ணில் நீர் வரச் சிரித்தோம்.

ஆகஸ்ட் 16, ஞாயிறு

அக்கா இப்போது வெளிநோயாளிப் பிரிவில். யாருக்கு ஆபரேஷன் வேண்டும், யாருக்கு வேண்டாம் என்று பார்த்துச் சொல்கிறாள். வேண்டாம் என்று சொல்வதற்கு அதிக நேரம் எடுத்துக்கொள்கிறாள்.

நேற்று ஒரு குண்டு போட்டாள். எங்கள் அடுக்குமாடிச் சங்கத்துக்குத் தலைவர் தேர்தல். நிற்கிறாளாம்.

"உனக்குப் பதவி ஆசை இன்னும் போகலையா?"

"கைதானே போச்சு. ஆசைக்கு என்ன வந்துச்சு?"

இன்று காலை அவளுக்காக நானே வீடு வீடாக ஓட்டுக் கேட்கப் போனேன். மூன்றாம் மாடி வக்கீல் கதவைப் பாதி திறந்து, "டாக்டரம்மாவுக்குக் கை நடுங்குதாமே?" என்றார்.

"ஆமாங்க. கையெழுத்து கொஞ்சம் கோணலா இருக்கும். வேற எதுவும் கோணாது."

அவர் கதவை முழுதாகத் திறந்து, உள்ளே வரச் சொன்னார்.